மூடைக் கணக்கு மட்டும் போதாது: ஆட்களின் வேலையை அளக்கப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வருடக் கடைசியில் மருமகன் முறையான ஒருவர் தொலைபேசி எடுத்தார். கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளராகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "மாமா, முதலாளிட மகன் ஒரு போம் தந்திருக்கார். பதினொரு பேருக்கும் ஒண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க்ஸ் போடட்டாம். நெல் காயவைக்கிற ஆளுக்குத் தலைமைத்துவப் பண்புக்கு எவ்வளவு போடுற?"

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, யாரோடும் பகை வரக்கூடாது என்று எல்லோருக்கும் நான்கு போட்டு அனுப்பியவன்தான். அன்றிரவு அவருக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஆலை, கடை, நெசவு நிலையம், திட்ட அலுவலகம் என்று எங்கேயாவது முதன்முறையாக நாலு பேரின் வேலையை மதிப்பிடச் சொல்லி உங்களிடம் கொடுத்திருந்தால் இது உங்களுக்கும்தான்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

செயலாற்றுகை என்று அலுவலகக் கடிதங்களில் வரும் சொல்லுக்குள் வேறு வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. வயலை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் பிரியும். விதைநெல், உரம், தண்ணீர், ஆள்கூலி எல்லாம் உள்ளீடு. களத்திலிருந்து வரும் மூடை வெளியீடு. கடனை அடைத்த பிறகு வீட்டில் நின்ற காசும் அடுத்த போகம் வரைக்குமான சோறும் பெறுபேறு. மூடை நிறைய வந்தும் கையில் ஒன்றும் நிற்காத போகங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் வெளியீட்டையும் பெறுபேற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

உயர்தரத்தில் வணிகக் கல்வி படித்தவர்களுக்கு வினைத்திறன், விளைதிறன் இரண்டும் நினைவிருக்கும். எண்ணூறு துண்டுப்பிரசுரங்களை ஒரு மணித்தியாலத்தில் கொடுத்து முடித்தால் அது வினைத்திறன். அதை வாசித்த யாராவது கிளினிக்குக்கு வந்தார்களா என்பது விளைதிறன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு வேலைத்தளத்தில் மறந்துபோகும் இரண்டு சொற்கள் இவை.

இன்னும் ஒரு விடயம். பெரும்போக அறுவடை முடிந்தால் நம்மூர்த் தேநீர்க் கடையில் முதல் கேள்வியே "ஏக்கருக்கு எத்தனை மூடை?" என்பதுதான். ஒருவர் 30 என்கிறார், மற்றவர் 27 என்கிறார். முதலாமவர்தான் கெட்டிக்காரக் கமக்காரர் என்று முடிவெடுக்க முன் ஈரத்தைக் கேளுங்கள். மெஷினால் வெட்டி உடனே கட்டிய நெல்லில் 20 சதவீத ஈரம் இருக்கலாம். நெல் சந்தைப்படுத்தும் சபை எதிர்பார்ப்பது 14 சதவீதம். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14க்குக் காயவைத்தால் 93 கிலோதான் மிஞ்சும், மற்ற ஏழு கிலோவும் தண்ணீர். ஆக 30 மூடை 28 ஆகிவிட்டது. மற்றவர் காய்ந்த நெல்லின் கணக்கைச் சொல்லியிருந்தால் இருவருக்கும் இடையே ஒரு மூடைதான் வித்தியாசம். அவருடைய காணி வாய்க்காலின் கடைசியில் கிடந்து, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை விட்ட தண்ணீர் அவருக்குக் கடைசியாக வந்து சேர்ந்திருந்தால்? அந்த ஒரு மூடையையும் அவருடைய குறையாக எழுத மனம் வராது.

கமக்காரர்கள் இதையெல்லாம் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் மனதுக்குள்ளேயே கழித்துப் பார்த்துவிடுவார்கள். அதே நாம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு படிவத்தைக் கையில் எடுத்தவுடன் மூடைக் கணக்கோடு நின்றுவிடுகிறோம். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கமக்காரக் கணக்கை அலுவலகத்துக்குள் கொண்டுவரும் வழிகள்தான்.

படி 1: இந்த வேலை எதற்கு என்று ஒரு வரியில் எழுதுங்கள்

ஆளைப் பற்றி எழுதாதீர்கள், வேலையைப் பற்றி எழுதுங்கள். "நெல் காயவைப்பவர்" என்பது பதவி. "அவித்த நெல் சரியான ஈரத்தில், ஒரே சீராகக் காய்ந்து, மழையில் நனையாமல் ஆலைக்குள் போகவேண்டும்" என்பது வேலை. இப்படி எழுதியதும் தலைமைத்துவப் பண்பு என்ற கட்டம் தானாகக் கழன்று விழுந்துவிடும். ஈரம் எத்தனை, சீராகக் காய்ந்ததா, எத்தனை முறை நனைந்தது என்ற மூன்று கேள்விகள் அதற்குப் பதிலாக வரும்.

அந்த ஒரு வரியை நீங்கள் தனியாக எழுதவேண்டாம். வேலை செய்பவரிடம் ஒரு முறை கேளுங்கள், அவருடைய வேலையைக் கையேற்கும் ஆளிடம் ஒரு முறை கேளுங்கள். காயவைப்பவரின் வேலையைக் கையேற்பவர் ஆலையை ஓட்டுபவர். மருதமுனையில் தறியில் சாரம் (லுங்கி) நெய்பவரின் வேலையைக் கையேற்பவர் கடைக்காரர். அலுவலகக் கவுண்டரில் இருப்பவரின் வேலையைக் கையேற்பவர் வாகரையிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வரும் அம்மா. அந்த அம்மாவைக் கேட்டால் "சிரிச்ச முகத்தோட பேசினாங்களா" என்பதைவிட "ஒரே பயணத்தில வேலை முடிஞ்சுதா" என்பதுதான் முக்கியம் என்பார். பஸ் காசு அவருடையது.

இரண்டு பேரும் சொல்வது பொருந்தவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள். எத்தனையோ மாதமாக இருந்த ஒரு பிரச்சினை கொப்பியும் பேனாவும் எடுக்கும் முன்னரே அகப்பட்டுவிட்டது.

படி 2: எண்களைச் சோடியாக எடுங்கள்

எவ்வளவு, எவ்வளவு தரமாக, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில் என்ற நான்கு பக்கத்திலிருந்தும் வேலையைப் பார்க்கலாம். ஒரு வேலைக்கு மூன்று நான்கு குறிகாட்டிகளுக்கு மேல் வேண்டாம். பதினைந்து கட்டம் போட்ட போமை யாரும் நேர்மையாக நிரப்புவதில்லை. நானும் நிரப்பியதில்லை.

ஆனால் தனி எண் ஒன்றை மட்டும் எடுத்தால் அது ஆளை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். ஆலைக்கே வருவோம். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: காலை ஷிப்ட் மணித்தியாலத்துக்கு 1000 கிலோ நெல் குத்துகிறது, 640 கிலோ அரிசி வருகிறது, அதில் 90 கிலோ குறுணல், அதாவது உடைந்த அரிசி. மாலை ஷிப்ட் மணித்தியாலத்துக்கு 900 கிலோதான் குத்துகிறது. 603 கிலோ அரிசி, அதில் 45 கிலோ குறுணல். மூடைக் கணக்கை மட்டும் பார்த்தால் காலை ஷிப்டுக்குத்தான் பாராட்டு. முழு அரிசியைப் பார்த்தால் காலையில் 550 கிலோ, மாலையில் 558. மெதுவாக ஓடிய ஷிப்ட், நூறு கிலோ நெல்லைக் குறைவாகக் குத்தி, விலைபோகும் அரிசியை எட்டுக் கிலோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. முதலாளி மூடைக்கு ஊக்கப்பணம் கொடுத்தால் என்ன நடக்கும்? மாலை ஷிப்டும் வேகத்தைக் கூட்டும், குறுணல் கூடும், வருட முடிவில் எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு நட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அதை இழுத்துப் பிடிக்க இன்னொரு எண் தேவை. நெசவாளிக்கு: நெய்த சாரங்களும் கடை திருப்பி அனுப்பிய சாரங்களும். கணக்குப் பிரிவுக்கு: முடித்த வவுச்சர்களும் பிழை என்று திரும்பி வந்தவையும். களஞ்சியத்துக்கு: ஏற்றிய லொறிகளும் குறைந்துபோன சாமானும். இழுபறியில் இருக்கும் இரண்டு எண்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பது தெரியும்.

படி 3: அந்த எண் யார் கையில் இருக்கிறது?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் ஒரு பாலம் வரும்வரை தாண்டித்தான் போனேன்.

அப்போது நான் ஒரு திட்ட அலுவலகத்தில் இருந்தேன். கள உத்தியோகத்தர்கள் ஐந்து பேர். மாதம் எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்பதுதான் அவர்களுடைய எண். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையைப் பார்த்தவர்கள் எப்போதும் முன்னால். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைப் பார்த்த தம்பி எப்போதும் கடைசி. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அவரை எழுப்பி விளக்கம் கேட்போம். அவர் மண்முனைத் துறையில் மோட்டார் சைக்கிளோடு படகுக்காகக் காத்து நின்ற நேரத்தைச் சொல்வார். நாங்கள் அதைச் சாட்டு என்று எடுத்துக்கொள்வோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. அதன் பிறகு வந்த மாதங்களில் அவருடைய எண் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டது. அலுவலகத்தில் அவருடைய முன்னேற்றத்தைப் பாராட்டினோம்! அந்தத் தம்பி எழுந்து நன்றி சொல்லிவிட்டு, "பாலத்துக்கும் ஒரு சேர்டிபிகேட் குடுங்க சேர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது முதுகில் குத்துகிறது.

ஆகவே ஒவ்வொரு குறிகாட்டிக்கும் பக்கத்தில் மூன்று பட்டியல் போடுங்கள். இவர் கையில் இருப்பவை, மற்றவர் கையில் இருப்பவை, யார் கையிலும் இல்லாதவை. ஆலையில் குறுணல் கூடுவதை எடுத்துப் பாருங்கள். ஓட்டுபவர் நெல்லை அளவுக்கு மேல் விட்டிருக்கலாம், அது அவர் கையில். அவித்த நெல்லை உச்சி வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் மணி வெடித்து, குத்தும்போது உடையும். அது காயவைப்பவர் கையில். உமி நீக்கும் ரப்பர் ரோலர் தேய்ந்து மாதக்கணக்கில் மாற்றாமல் கிடந்தால் அது முதலாளியின் பையில். கரண்ட் கூடிக் குறைந்து வந்தால் ஆலைக்குள் இருக்கும் யாரையும் கேட்டுப் பயனில்லை. ஒரே எண்ணுக்குள் இத்தனை பேர் இருக்கும்போது, ஆலை ஓட்டுபவரின் போமில் மட்டும் இரண்டு புள்ளி போடுவது என்ன நியாயம்?

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், 1950இல் ஜப்பானில் தொழிற்சாலைக்காரர்களுக்குத் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்தியவர், தன் வகுப்புகளில் ஒரு வேடிக்கை காட்டுவார். வெள்ளை மணிகளோடு சிவப்பு மணிகள் கலந்த பெட்டி, ஐந்தில் ஒன்று சிவப்பு. ஆட்களைக் கூப்பிட்டு ஐம்பது குழியுள்ள அகப்பையால் அள்ளச் சொல்வார். சிவப்பு வந்தால் பிழை. குறைவாக வந்தவரைப் புகழ்வார், கூட வந்தவரைத் திட்டுவார், அடுத்த முறை புகழ் வாங்கியவருக்கே கூட வரும். அள்ளுபவர் கையில் ஒன்றுமே இல்லை, பெட்டியில் இருப்பதுதான் வருகிறது. வீட்டில் வெள்ளைக் கௌபியையும் சிவப்புக் கௌபியையும் கலந்து, பிள்ளைகளை ஒரே கரண்டியால் அள்ளவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஏழு, இன்னொன்றுக்குப் பதின்மூன்று என்று வரும். அதற்குப் பிறகு, ஒரு மாதத்து எண்ணில் இருக்கும் சின்ன ஏற்ற இறக்கத்தைப் பார்த்து யாரையும் கூப்பிட்டுத் திட்டமாட்டீர்கள்.

இதை வைத்து எல்லாப் பிழையும் முறைமையின் பிழை என்று சொல்லி எல்லோரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. வேலைக்கு வராதவர் வரவில்லைதான். மற்ற எல்லோருக்கும் அதே ரோலர், அதே வெயில், அதே கரண்ட் இருக்கும்போது, மாதாமாதம் ஒருவருக்கு மட்டும் தொடர்ந்து பிழை கூடினால், அங்கேதான் அவரைப் பற்றிய கேள்வி தொடங்குகிறது.

படி 4: இலக்கு வைக்கும் முன் இன்றைய நிலையைப் பாருங்கள்

வந்த முதல் வாரத்திலேயே "இனி மாதம் 20 சதவீதம் கூடவேணும்" என்று அறிவிக்கும் புதிய மேற்பார்வையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிலிருந்து 20 என்று கேட்டால் பதில் இருக்காது. குறைந்தது எட்டு வாரம் இருக்கும் நிலையை எழுதுங்கள். ஒளித்து எழுதவேண்டாம், எழுதுவதாகச் சொல்லியே எழுதுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மாதங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொறிகள் இருக்கின்றன. பெரும்போக நெல் வந்து இறங்கும் பெப்ரவரி, மார்ச்சில் ஆலை இரவு பகலாக ஓடும். நவம்பர், டிசம்பர் மழையில் களத்தில் ஒரு நாள் காய்வது மூன்று நாளாகும், களப் பயணங்கள் வெள்ளத்தில் நிற்கும். மார்ச்சோடு டிசம்பரை ஒப்பிட்டு "வேலை விழுந்துவிட்டது" என்று எழுதினால் அது வானிலை அறிக்கை. போன வருட டிசம்பரோடு இந்த வருட டிசம்பரை ஒப்பிடுங்கள்.

அதிலும் ஒரு விதிவிலக்கு. ரமழான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். காத்தான்குடியில் ஓர் உடுப்புக் கடையின் ஏப்ரல் விற்பனையைப் போன வருட ஏப்ரலோடு ஒப்பிட்டால், பெருநாள் வியாபாரம் ஒரு வருடம் உள்ளே விழுந்து அடுத்த வருடம் மார்ச்சுக்குப் போயிருக்கலாம். விற்பனை செய்யும் பிள்ளை இரண்டு வருடமும் ஒரே மாதிரித்தான் வேலை செய்திருப்பார். அப்படியான கடைகளுக்கு நோன்புக்கு முந்திய வாரம், பெருநாளுக்கு முந்திய வாரம் என்று பிரித்துக் கணக்கு வையுங்கள்.

இலக்கு எப்படி எழுதுவது என்பதற்கு நிறைய வாய்பாடு இருக்கிறது. குறிப்பானது, அளக்கக்கூடியது, காலக்கெடு உள்ளது என்று போகும் ஸ்மார்ட் முறை 1981இல் ஜோர்ஜ் டோரன் எழுதிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து வந்தது. பயிற்சிப் பட்டறைகளில் அதைத்தான் பலகையில் எழுதுவார்கள். கெட்டதல்ல. "நல்லா வேலை செய்யுங்க" என்பதைவிட "திரும்பி வரும் சாரம் நூற்றுக்கு ஆறிலிருந்து நாலுக்கு, சிறுபோக அறுவடைக்கு முன்" என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் இன்றைய நிலை ஆறு என்று தெரியாமல் நாலை எழுதமுடியாது, அவ்வளவுதான்.

படி 5: கொப்பி

மென்பொருள் எதுவும் வாங்கவேண்டாம். கடின அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி போதும். நாளுக்கு ஒரு வரி: திகதி, ஷிப்ட், சோடி எண்கள், கடைசியில் "வேறு" என்று ஒரு அகலமான பத்தி. கரண்ட் போனது, நூல் வரவில்லை, மழை, இரண்டு பேர் லீவு, எல்லாம் அந்தப் பத்திக்குள். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எண்களைவிட அந்தப் பத்திதான் கூடுதலாகப் பேசும்.

எழுதுவதற்கு நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் குறிகாட்டியைக் குறையுங்கள். ஒரே மூடையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே எண்ணை எழுதுகிறார்களா என்றும் ஒரு நாள் சோதியுங்கள். "நல்ல தரம்" என்று ஒருவர் எழுதியதை மற்றவர் "சுமார்" என்று எழுதினால், அளவுகோல் இன்னும் தயாராகவில்லை. மாதம் ஒரு முறை கொப்பியில் பத்து வரியை எடுத்து, களஞ்சியத்திலோ வீட்டிலோ நேரில் போய்ப் பாருங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 6: எண் கெட்டுப்போகும் விதம்

சுனாமிக்குப் பிறகு வந்த வருடங்களில் இந்தக் கரையில் எத்தனை பயிற்சி நடந்தது என்று கணக்கே இல்லை. நான் இருந்த ஓரிடத்தில், பயிற்சியில் கலந்துகொண்ட பெண்களின் எண்ணிக்கைதான் எங்கள் குறிகாட்டி. காலாண்டுக்கு இருநூறு என்று இலக்கு. ஒருமுறை கூட நாங்கள் தவறவிடவில்லை. ஒரு நாள் பழைய கையொப்பத் தாள்களை அடுக்கும்போது ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. தையல், கோழி வளர்ப்பு, உணவு பதனிடல், மறுபடி தையல். அதே அக்காமார். அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். "நீங்க ஆள் வேணும் எண்டு வாறீங்க மகன், நாங்க வந்து தாறம். மத்தியானம் பார்சலும் கிடைக்கும்" என்றார். அவர் எங்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தார்! தையல் மெஷினோ விறாந்தையில் துணி போர்த்தியபடி இருந்தது.

எண்ணை இலக்காக்கிப் பரிசையும் தண்டனையையும் அதில் தொங்கவிட்டால், ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கத் தொடங்குவார்கள். பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இது, இப்போது அவருடைய பெயரிலேயே விதியாக வழங்குகிறது. அவருக்கு முன்பே வியட்நாமின் ஹனோய் நகர எலிகளுக்கு இது தெரியும். 1902இல் அங்கே பிரெஞ்சு ஆட்சியாளர்கள் கொன்ற எலிக்குக் காசு என்று அறிவித்து, சாட்சியாக வாலைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் வால் இல்லாத எலிகள் நகரத்தில் ஓடித் திரிந்தன. வாலை வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில், அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி ஊழியர்கள் விற்பனை இலக்கை எட்ட வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகள் திறந்தது 2016இல் வெளியே வந்து, 18.5 கோடி டொலர் அபராதம் விழுந்தது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நுண்கடன் வசூலுக்கு வருபவர்களின் எண் "நூற்றுக்கு எவ்வளவு வசூல்" என்பதுதான். அறிக்கையில் நூற்றுக்கு நூறு இருக்கும். அந்தத் தவணையைக் கட்டக் கடனாளி இன்னொரு இடத்தில் கடன் எடுத்தது எந்த அறிக்கையிலும் வராது.

இதற்கு முழு மருந்து இல்லை. சோடி எண் ஓரளவு தடுக்கும். நேரில் போய்ப் பத்து வரியைச் சரிபார்ப்பது இன்னும் தடுக்கும். ஒரு எண் ஒவ்வொரு மாதமும் இலக்கைச் சரியாகத் தொட்டு நின்றால், 200, 200, 201 என்று, பாராட்டும் முன் கையொப்பத் தாளைப் பாருங்கள்.

படி 7: உட்கார்ந்து பேசுவது

படிவத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பிந்திய வாரத்தில் நடந்தது மட்டும் நினைவில் நிற்பது, ஒரு நல்ல குணத்தைப் பார்த்து எல்லாவற்றுக்கும் நல்ல புள்ளி போடுவது, எல்லோருக்கும் நான்கு போட்டுத் தப்புவது, இவை எல்லா ஊரிலும் உள்ள நோய்கள். இரண்டாவதை எட்வர்ட் தோண்டைக் என்ற உளவியலாளர் 1920இலேயே படைவீரர்களின் மதிப்பீடுகளில் கண்டு எழுதிவிட்டார். நம்மூரில் இன்னொன்றும் சேரும்: மதிப்பிடப்படுபவர் உங்கள் மச்சானின் மச்சானாக இருப்பார். கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் அவர் முகத்தில் முழிக்கவேண்டும். சி.ஆர். கொப்பி உதவும் இடம் இது. சொல்வது நீங்கள் அல்ல, இருவரும் சேர்ந்து எழுதிய கொப்பி சொல்கிறது.

ஒரு தகவலைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள், கஷ்டமானது அதுதான். நெசவு நிலையத்தில் ஒரு மேற்பார்வையாளரும், அவர் நானா (அண்ணன்) என்று கூப்பிடும் நெசவாளி ஒருவரும் பேசியது என் காதில் விழுந்தது:

"நானா, போன மாசம் பன்னிரண்டு சாரம் திரும்பி வந்திருக்கு. என்ன நடந்த?"

"நூல் ரெண்டு தரம் மாறி வந்த தம்பி. சாயம் ஒண்டோட ஒண்டு சேரல்ல. நான் அப்பவே சொன்னன், ஆர் கேட்ட?"

"ஆருக்கிட்ட சொன்ன நீங்க?"

"ஸ்டோர்ஸில."

மேற்பார்வையாளர் எழுந்து ஸ்டோர்ஸுக்குப் போனார். பன்னிரண்டில் ஒன்பது அந்த நூலால் வந்தவை. மீதி மூன்றைப் பற்றி நானாவிடம் திரும்பி வந்து கேட்டார். "அது என்ட பிழைதான்" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஒன்பதையும் முதலில் அவர் தலையில் கட்டியிருந்தால் அந்த மூன்றும் வெளியே வந்திருக்காது.

பேசி முடித்ததும் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதை அவர் வாசிக்கும் மொழியில் எழுதிக் கொடுங்கள். ஆங்கிலப் போமில் தமிழ் ஆள் கையெழுத்து வைப்பதை நம்மூரில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டும். வருடத்தில் ஒரு முறை மட்டும் இப்படிப் பேசினால் போதாது. போகத்துக்கு ஒரு முறையாவது வையுங்கள்.

படி 8: சம்பளமும் சட்டமும்

முதல் வருடம் இந்த எண்களைச் சம்பள உயர்வோடு கட்டாதீர்கள். அளவுகோல் சரியா என்று பார்க்கும் வருடம் அது. பிறகு கட்டினாலும், குழுவாகச் செய்யும் வேலைக்குக் குழுவாகக் கொடுங்கள். குறுணலின் கதையைப் படி 3இல் பார்த்தோம்.

அரசாங்க அலுவலகம் என்றால் வருடாந்தச் சம்பள ஏற்றத்துக்கான மதிப்பீடும், சேவையில் மேலே போகச் சித்தியடையவேண்டிய வினைத்திறன் தடைகாண் பரீட்சையும் உங்களுக்கு மேலே தீர்மானமானவை. அங்கே உங்கள் கையில் இருப்பது கொப்பியும் பேச்சும்தான். அதுவே நிறைய.

தனியார் இடங்களில் ஒரு எச்சரிக்கை. குறைந்த புள்ளி போட்ட போமைக் காட்டி ஆளை நாளைக்கே நிறுத்தலாம் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளோ அதற்கு மேலோ வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த காரணத்துக்காக நிறுத்துவதென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ வேண்டும். பிரச்சினை அந்த இடத்துக்கு வந்துவிட்டால் போமை மூடிவைத்துவிட்டுத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள்.

மருமகன் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். போமை மாற்ற முதலாளியின் மகன் சம்மதிக்கவில்லை, கொழும்பில் யாரோ செய்து கொடுத்ததாம். அதனால் பதினொரு போமையும் நிரப்பி, ஒவ்வொன்றின் பின்னாலும் அரைத் தாள் ஒன்றை ஸ்டேப்ளர் அடித்து அனுப்பியிருக்கிறார். தலைப்பு: "இவர் கையில் இல்லாதவை". ஆலை ஓட்டும் இரண்டு பேருடைய தாளிலும் முதல் வரி ஒன்றுதான்: ரப்பர் ரோலர் மாற்றவேண்டும். தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் வாரம் புதிய ரோலர் வந்து இறங்கியதாகச் செய்தி அனுப்பினார். தலைமைத்துவப் பண்புக்கு எல்லோருக்கும் மூன்று போட்டாராம்.